ஒஸ்தா வீட்டிலிருந்து ஒருத்தர்

ஒஸ்தா கத்தியைத் துணியில் துடைப்பதற்காகக் கழுத்திலிருந்து எடுத்தார். அந்தச் சின்ன இடைவெளியில் ஹாஜியார் வாயைத் திறந்தார்.

"மரைக்கார், ஒங்கட ஊர்ப் பொடியன் ஒருத்தன் அந்த எடத்துக்கு எழுதிப் போட்டீக்கான். மஸாஹிர் எண்டு பேர். லண்டன்ல டொக்டர் பட்டம் எடுத்தவனாம். ஆர்ட மகன்? என்ன குடும்பம்?"

தன் வீட்டு விறாந்தைத் தூணோடு நின்ற பதுர்தீன் மரைக்கார் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

கதிரையில் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கழுத்து முழுக்கச் சவுக்கார நுரையோடு இருந்தவர் கொழும்பிலிருந்து வந்திருந்த ஹயாத்து முகம்மது ஹாஜியார். அவருடைய தாடியைச் சரிக்கட்டிக் கழுத்தை வழித்துக்கொண்டிருந்தவர் கற்பிட்டிக்கே ஒஸ்தாவான சாஹுல் ஹமீது. ஊரில் தலை வழிப்பதும், ஆண் பிள்ளைகளுக்குச் சுன்னத்து வைப்பதும் அவருடைய வாப்பா, வாப்பாவின் வாப்பா காலத்திலிருந்து அந்த வீட்டாரின் தொழில். மஸாஹிர் அவருடைய ஒரே மகன்.

ஹாஜியாருக்கு அது தெரியாது. மரைக்காருக்குத் தெரியும். மரைக்காருக்குத் தெரியும் என்பது ஒஸ்தாவுக்கும் தெரியும். கத்தி எப்போதோ துடைத்து முடிந்துவிட்டது. ஒஸ்தா துணியைக் கீழே வைக்காமல் நின்றார்.

ஹாஜியார் கேட்ட 'எடம்' என்பது சர்வகலாசாலையில் புதிதாக வரவிருந்த ஓர் ஆராய்ச்சி உத்தியோகம். கரையோர ஊர்களின் பழைய வீட்டுப் பெட்டகங்களில் கிடந்து பூச்சி அரிக்கும் அரபுக் கிதாபுகளையும் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் ஏடுகளையும் தேடிப் பிடித்து, பார்த்துப் பதிந்து, அவற்றைப் பற்றி எழுதவும் மாணவர்களுக்குப் படிப்பிக்கவும் ஒருவர் வேண்டும். டொக்டர் பட்டம் எடுத்தவராக இருந்தால் நல்லது. ஓரிரு வருஷம் ஒழுங்காகச் செய்தால் அப்படியே நிரந்தர விரிவுரையாளராகிவிடலாம். அந்த இடத்துக்கான செலவைக் கொழும்பில் சில பெரிய வியாபாரிகள் சேர்ந்து ஏற்றிருந்தார்கள். முன்னுக்கு நின்றவர் ஹாஜியார். ஆகவே ஆளைத் தெரிவு செய்வதிலும் அவர் சொல்லுக்குக் காது கொடுப்பார்கள்.

மஸாஹிர் அந்த வேலைக்கென்றே படித்தவன். உலகச் சண்டைக் காலம் முழுக்க லண்டனில் மாட்டிக்கொண்டு, குண்டு விழுந்த தெருக்களுக்கு நடுவில் இருந்து, இந்தக் கரையின் அரபுத்தமிழைப் பற்றித்தான் எழுதிப் பட்டம் வாங்கியிருந்தான். சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் வந்து சேர்ந்தான். அவன் வந்த வெள்ளிக்கிழமை, பள்ளிவாசல் முற்றத்தில் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு, "இது நம்மட ஊர் டொக்டர்" என்று எல்லாருக்கும் காட்டியவர் இதே பதுர்தீன் மரைக்கார்தான்.

ஹாஜியார் வருகிறார் என்று தெரிந்த அன்றே ஒஸ்தா மரைக்கார் வீட்டுப் பின்வாசலுக்கு வந்திருந்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கிணற்றடியில் நின்றபடி கேட்டார்.

"மொதலாளி, நான் இந்த வீட்டில ஒண்டும் கேட்டதில்ல. பொடியன்ட விசயமா ஹாஜியார்ட்ட ஒரு சொல்லு செல்லுங்க. நீங்க செல்லினா அவர் கேப்பாரு."

"இதென்ன ஒஸ்தா, இதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்றார் மரைக்கார். "அவன் நம்மட பொடியன்தானே. நான் செல்லாம வேற ஆர் செல்ற?"

பொய்யாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தார். ஒஸ்தா போன பிறகு, கொழும்பு ஹாஜியாரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். ஆனால் அவர் யோசித்து வைத்த பேச்சில் ஒஸ்தா பக்கத்தில் நிற்கவில்லை. குடும்பத்தைப் பற்றிய கேள்வியும் இருக்கவில்லை.

"என்ன மரைக்கார், ஆளத் தெரியாதா?" என்றார் ஹாஜியார்.

"தெரியும் ஹாஜியார். நல்ல பொடியன். சின்னதுல இருந்தே ஓதுறதிலயும் படிப்பிலயும் கெட்டி."

"படிப்பு பாத்தாச்சி. பேப்பர் எல்லாம் மிச்சம் நல்லம். நான் கேக்கிறது குடும்பத்த. இது கந்தோர்ல கதிரையில குந்திக்கிட்டு செய்ற வேலையில்ல, வெளங்குதா? பெரிய பெரிய வீட்டுக்குள்ள போகணும். உம்மாமார் ஈக்கிற வீடு. பெட்டகத்த தொறக்கச் செல்லிக் கேக்கணும். அவங்க சாப்பிட்டுப் போங்க எண்டு செல்லுவாங்க, சஹன்ல குந்தணும். ஆரு என்ன எண்டு தெரியாம ஒருத்தன அனுப்ப ஏலுமா?"

சஹன் என்றதும் மரைக்காரின் கண் ஒஸ்தாவின் பக்கம் போய்த் திரும்பியது.

விருந்து வீடுகளில் பாயை விரித்து, வெள்ளைத் துணி போட்டு, சஹன் என்ற பெரிய தட்டத்தில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். பணக்காரன் ஏழை என்ற பேதம் அல்லாஹ்விடத்தில் இல்லை என்பதற்கு அடையாளமாம் அது. பள்ளிவாசல் லெப்பை ஒவ்வொரு விருந்திலும் அதைச் சொல்லாமல் விடமாட்டார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒஸ்தா பின்பக்கக் கிணற்றடியில் பலகைத் துண்டில் உட்கார்ந்து, குசினிச் சுவரில் அவருக்கென்று செருகி வைத்திருக்கும் இனாமல் பீங்கானில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மரைக்கார் வீட்டில் பிறந்த ஆண் பிள்ளைகள் அத்தனை பேரையும் இஸ்லாத்தின் சுன்னத்துக்குள் கொண்டுவந்த கை அது. அந்தக் கைக்குச் சஹனில் இடம் இல்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மரைக்காரும் கேட்டதில்லை.

"செல்லுங்களேன்" என்றார் ஹாஜியார். நுரை காயத் தொடங்கியிருந்தது.

மரைக்காருக்கு 'நல்ல குடும்பம்' என்ற இரண்டு சொல்லும் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. சொன்னால் என்ன நடக்கும் என்றும் கூடவே தெரிந்தது. நாளைக்கு இவன் இன்னார் மகன் என்று கொழும்பில் தெரியவரும். ஒஸ்தா வீட்டை நல்ல குடும்பம் என்று சொன்ன மரைக்கார், ஒஸ்தாவோடு ஒன்றாக உண்கிறவராக்கும் என்று ஹாஜியார் வட்டாரத்தில் சிரிப்பார்கள். இளைய மகளுக்கு இன்னும் கலியாணம் பேசவேண்டியிருந்தது.

"குடும்பம் எண்டு பாத்தா..." மரைக்கார் கடப்படி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார், "ஒஸ்தா பக்கம் ஹாஜியார்."

ஹாஜியார் கண்ணை மட்டும் திருப்பி மரைக்காரைப் பார்த்தார். பிறகு மூக்கால் சிரித்தார்.

"நல்ல வேளை கேட்டன். அப்ப நீங்களும் அவனோட ஒரு சஹன்ல குந்தமாட்டீங்க."

"இல்ல. அது... நம்மட பக்கம் அப்பிடி வழக்கம் இல்ல."

"அதத்தானே கேட்டன். நீங்களே குந்தமாட்டீங்க எண்டா மத்த ஊர்க்காரன் வீட்டுக்குள்ள எடுப்பானா? காலிப் பக்கம் இன்னொரு பொடியன் ஈக்கான். நல்ல குடும்பம். படிப்புத்தான் இன்னம் முடியல்ல. அது போற போக்கில முடிச்சிக்கொள்ளலாம்."

ஒஸ்தா புதிதாக நுரை குழைத்தார். காய்ந்த இடத்தில் தடவினார். பிறகு மெல்லிய குரலில், "தலையக் கொஞ்சம் தூக்குங்க ஹாஜியார்" என்றார்.

ஹாஜியார் தலையைத் தூக்கினார். தொண்டை முழுக்க வெளியே வந்தது. கத்தி கீழிருந்து மேலே போனது, மேலிருந்து பக்கத்துக்குப் போனது.  அந்தக் கை நடுங்கினால்கூட நல்லது போலத் தோன்றியது மரைக்காருக்கு. ஒரு கீறல் விழுந்தால், ஒரு சத்தம் போட்டால், தானும் கோபப்பட்டு ஏதாவது பேசித் தப்பிக்கலாம். ஒன்றும் நடக்கவில்லை. ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்து, படிகாரம் தேய்த்து, ஒஸ்தா பின்னுக்கு விலகி நின்றார்.

ஹாஜியார் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "நல்ல லேசான கை. கொழும்பிலயும் இப்பிடிக் கை இல்ல. ஒங்கட பேரனுக்குச் சுன்னத்து வைக்கப் போறதும் இவர்தானா?"

"ஓம்" என்றார் மரைக்கார்.

"அல்லாட கிருபை" என்றார் ஒஸ்தா, யாரையும் பார்க்காமல். கத்தியை உறையில் போட்டார். கிண்ணத்தைக் கவிழ்த்து ஊற்றினார். பின்பக்கமாகப் போய்விட்டார்.

ஹாஜியாரின் மோட்டர் வள்ளம் களப்பைக் கடந்து புத்தளம் பக்கம் போன பிறகு, மரைக்காரின் மனைவி ஹாஜரா கையில் ஒரு கோப்பையோடு வந்து நின்றாள்.

"ஒஸ்தாக்கு ஊத்தி வெச்ச தேத்தண்ணி அப்பிடியே இரிக்கி. ஒரு நாளும் குடிக்காமப் போகமாட்டாரே. என்ன செஞ்சீங்க அவர?"

"நான் என்ன செய்ற? அவசரமாக்கும்."

"அவசரக்காரன் எண்டா நிண்டு பத்து வீட்டுக்குக் கேக்கிற மாதிரி சலாம் செல்லிட்டா போவாரு?" என்றாள் ஹாஜரா. "என்ட மொகத்தப் பாத்துச் செல்லுங்க."

மரைக்கார் தோட்டத்தில் தேங்காய் உரிக்கிறவர்களைப் பார்க்க எழுந்து போனார். பொழுது சாயும் வரைக்கும் உரிமட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். இன்றைக்கு மரைக்கார் ஏன் வீட்டுக்குப் போகாமல் நிற்கிறார் என்று உரிக்கிறவர்களுக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒஸ்தா அந்தப் பக்கம் வரவில்லை. மரைக்காரும் ஆள் விடவில்லை. வழக்கமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் தலை வழிக்கிறவர் அவர். தலையில் நரை மயிர் முள்ளு முள்ளாய் எழும்பியது. கடைசியில் ஒரு வேலையாகப் புத்தளத்துக்குப் போனபோது அங்கே ஒரு கடையில் தலையைக் கொடுத்தார். இரண்டு இடத்தில் கீறி அனுப்பினான்.

"களப்பத் தாண்டிப் போய் காயம் வாங்கிட்டு வந்திரிக்கீங்க" என்றாள் ஹாஜரா. "நம்மட ஒஸ்தாட கத்திக்கு என்ன நடந்த?"

மரைக்கார் தொப்பியை இழுத்துக் காயத்தை மறைத்தார். அவளுக்கு அதற்குள் பாதி விளங்கியிருந்தது. மீதியைக் கேட்க அவளுக்கும் விருப்பமில்லை. கேட்டால் தானும் அந்தப் பீங்கானைக் கழுவிச் செருகி வைக்கிறவள்தானே என்று யோசிக்கவேண்டி வரும்.

நேர்முகத்துக்கு மஸாஹிரைக் கூப்பிட்டார்கள். ஊரே துஆக் கேட்டு அனுப்பியது. மரைக்காரும் பள்ளிவாசலில் கை ஏந்தினார். எதைக் கேட்டு ஏந்துகிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. தான் செய்ததை அல்லாஹ் அழித்து எழுதிவிட்டால் நல்லது என்று கேட்டிருப்பார் போல.

ஒருநாள் அஸர்த் தொழுகைக்குப் பிறகு கோட்டை மதிலோரமாக அவர் நடந்து வரும்போது, எதிரில் மஸாஹிர் வந்தான். திரும்பிப் போக வழியில்லை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கருவாடு காயப்போட்டிருந்த பாய்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மரைக்கார்."

"வஅலைக்கும் ஸலாம். தம்பி... எப்ப வந்த?"

"நேத்து. எடம் கெடைக்கல்ல. காலிக்காரருக்குக் குடுத்தாச்சி."

"அல்லா வேற ஒண்டு வெச்சிரிப்பான்" என்றார் மரைக்கார். சொன்ன உடனே தன் குரலைக் கேட்டு அவருக்கே அருவருத்தது.

"இரிக்கும்" என்றான் மஸாஹிர். அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "வாப்பாக்குத்தான் தாங்க ஏலாம இரிக்கி. படிப்பப் பத்தி அங்க ஒண்டும் கேக்கல்ல, மரைக்கார். நான் எழுதின பொத்தகம் மேசையில கிடந்த. ஆரும் தொறக்கல்ல. ஒங்கட வீட்டுக்கு ஆர் ஆர் வந்து சாப்பிடுவாங்க எண்டு கேட்டாங்க. சிரிச்சிக்கிட்டுத்தான் கேட்டாங்க."

"நீங்க என்ன செல்லின?"

"எங்கட வீட்டுக்கு ஆரும் வந்து சாப்பிடுறதில்ல எண்டு உள்ளதச் செல்லின."

மரைக்கார் கருவாட்டுப் பாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவனுக்குத் தெரியுமா? அன்று விறாந்தையில் நடந்ததை ஒஸ்தா மகனிடம் சொன்னாரா? முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கவில்லை. மஸாஹிர் மறுபடியும் சலாம் சொல்லிவிட்டுப் போனான்.

மரைக்காரின் மூத்த மகள் ரம்ஸியாவின் பிள்ளைக்குச் சுன்னத்துக் கலியாணம் ரபீஉல் அவ்வல் மாதம் முடிந்த கையோடு என்று முன்னமே முடிவாகியிருந்தது. முதல் பேரன். பந்தல் போட்டாயிற்று. கூப்பன் அரிசிக் காலத்திலும் எங்கெங்கேயோ சொல்லி நல்ல அரிசி வந்து இறங்கியது. ஹாஜியார் தாமாகவே வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். ஒஸ்தாவுக்குத் தேதி சொல்லி அனுப்பியதற்கு மட்டும் பதில் வரவில்லை.

பள்ளிவாசல் மோதினார் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார்.

"மரைக்கார், அவர் வரமாட்டாராம். கை நடுங்குதாம். அண்டையில இருந்து கத்தியே புடிக்கல்லயாம்."

"எண்டையில இருந்து?" என்றாள் ஹாஜரா கதவுக்குப் பின்னாலிருந்து.

மோதினார் மரைக்காரைப் பார்த்தார். மரைக்கார் வெற்றிலைத் தட்டைப் பார்த்தார்.

"புத்தளத்தில இருந்து ஆரையும் கூப்பிடுவமா?" என்றார் மோதினார்.

கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஊர் ஒஸ்தா இருக்கப் பிற ஊர் ஒஸ்தா வந்தால், ஏன் என்று சஹனுக்குச் சஹன் கதை ஓடும். கதை ஓடினால் அன்று நடந்ததும் ஓடும். அந்தப் பயத்தில், எத்தனையோ வருஷமாக ஜமாஅத்தில் தானே தலைமை வகித்துக் காத்துவந்த ஒழுங்கு அவர் வாயில் வந்தது.

"ஊர் வழக்கத்த ஒடைக்க ஏலாது. அவருக்கு ஏலாட்டி ஒஸ்தா வீட்டிலிருந்து ஒருத்தர் வரத்தான் வேணும். அப்பிடியே போய்ச் செல்லுங்க."

நுரைச்சோலையில் ஒஸ்தாவின் தம்பி முறையான ஒருவர் இருக்கிறார். அவர் வருவார் என்றுதான் நினைத்தார்.

சுன்னத்து நாள் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி, பட்டுத் தொப்பி போட்டு, பூமாலையோடு தெருவில் கொண்டுவந்தார்கள். றபான் அடித்துக்கொண்டு ஊர்ப் பிள்ளைகள் முன்னுக்கு வந்தார்கள். பந்தலில் ஹாஜியார் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். பக்கத்தில் லெப்பை, அதற்கடுத்து மாணிக்க வியாபாரி மீரா லெப்பை. உள்ளறையில் உரலைக் கவிழ்த்து வெள்ளைத் துணி போட்டு வைத்திருந்தார்கள்.

"ஒஸ்தா வீட்டு ஆள் வந்தாச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வந்தாச்சி" என்றது ஒரு குரல்.

முன்வாசலால் மஸாஹிர் உள்ளே வந்தான். லண்டனிலிருந்து கொண்டுவந்த சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தான். கழுத்துப் பட்டி கட்டியிருந்தான். கையில் வாப்பாவின் பழைய தோல் பை. அந்தப் பையை ஊரில் தெரியாத ஆண்பிள்ளை இல்லை. பந்தலில் பேச்சு நின்றது. றபான்கூட நின்றது.

ஹாஜியார் கதிரையை விட்டுப் பாதி எழுந்தார். நேர்முகத்தில் பார்த்த முகம். "டொக்டர்... நீங்க இஞ்ச?"

"ஒஸ்தா வீட்டிலிருந்து ஒருத்தர் வரத்தான் வேணும் எண்டு மரைக்கார் செல்லியனுப்பின" என்றான் மஸாஹிர். "வாப்பாக்கு ஏலாது. நான் வந்திரிக்கன்."

மரைக்கார் அவனைக் கையைப் பிடித்து விறாந்தை மூலைக்கு இழுத்துப்போனார். அவருக்கு வேர்த்து ஊற்றியது.

"தம்பி, என்ன இது? நீங்க எதுக்கு இந்த வேலைக்கு? நான் ஒங்களச் செல்லல்லயே. ஒங்கட படிப்பென்ன, இது என்ன?"

"பயப்படாதீங்க. சின்னதுலயே வாப்பா பழக்கின. எடம் இல்லையெண்டு வந்த பொறகு அவர் வாயால செல்லித்தர நான் திரும்பவும் பழகின. போன மாசம் நுரைச்சோலையில சின்ன வாப்பாவோட போய்ச் செஞ்சன். ஒங்கட பேரனுக்கு ஒண்டும் வராது."

"நான் அதக் கேக்கல்ல..."

"வேற என்ன கேக்கிறீங்க மரைக்கார்?" மஸாஹிர் அவர் கண்ணை நேரே பார்த்தான். "படிச்ச படிப்புக்கு ஒரு எடம் இரிந்திச்சி. அது இல்லையெண்டு ஆச்சி. பொறந்த பொறப்புக்கு ஒரு எடம் இரிக்கி. அதுக்கு நேர்முகம் இல்ல, கட்டாயம் வாங்க எண்டு ஆள் அனுப்புறீங்க. வராம இரிக்க ஏலுமா?"

அவனுக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் தெரிந்திருந்தது. மரைக்கார் அவன் கையை விட்டார். தன் கை ஈரமாக இருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

மஸாஹிர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். சட்டைக் கையைச் சுருட்டினான். கதவடியில் நின்ற ஹாஜராவிடம், "மாமி, கத்திய அவிக்கணும். நல்லாக் கொதிச்ச தண்ணி தாங்க" என்றான். ஹாஜரா குசினிக்குள் ஓடினாள்.

பிள்ளையைப் பிடித்துக்கொள்வது மூத்த வாப்பாவின் உரிமை. மரைக்கார் உரலில் பேரனை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளையின் கண்ணைத் தன் கையால் மூடினார். மஸாஹிர் அவருக்கு முன்னால், கீழே, முழங்காலில் குந்தினான். அவனுடைய தலை மரைக்காரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பிள்ளைகளைப் போல, 'என்னை மன்னிச்சிடு' என்று அந்தத் தலையைப் பார்த்துச் சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்தார். பந்தலில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள். பிறகு தனியாகச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டார்.

"அல்லாஹு அக்பர்" என்றார் லெப்பை. எல்லாரும் சத்தமாகத் தக்பீர் சொன்னார்கள். பிள்ளை ஒரு தரம் வீரிட்டது. அதற்குள் முடிந்துவிட்டது.

"முடிஞ்சி மகன், முடிஞ்சி. இனி நீங்க பெரிய ஆள்" என்றான் மஸாஹிர் பிள்ளையிடம். சுட்ட துணிச் சாம்பலுக்குப் பதில் வெள்ளைத் தூள் ஒன்றைப் போட்டுக் கட்டினான். ரம்ஸியா பிள்ளையை வாங்கிக்கொண்டு அழுதாள். பந்தலில் ஸலவாத்து முழங்கியது.

பாய் விரித்துச் சஹன் வைத்தார்கள். நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, நடுவில் கத்தரிக்காய்ப் பச்சடி என்று ஒவ்வொரு தட்டமும் மலை மாதிரி. முதல் சஹனில் ஹாஜியார், மரைக்கார், லெப்பை, மீரா லெப்பை, மருமகன் என்று ஐந்து பேர் குந்தினார்கள். ஆறாவது இடம் யாருக்கென்று சொல்லாமல் கிடந்தது. செம்பில் கை கழுவிக்கொண்டிருந்த ஹாஜியார், வாசலில் பையைக் கட்டிக்கொண்டு நின்ற மஸாஹிரைப் பார்த்தார். பேருக்குக்கூட அழைக்காமல் விட அவரால் முடியவில்லை. கொழும்பு நாகரிகம்.

"டொக்டர், வாங்க, இஞ்ச குந்துங்க. எடம் ஈக்கி."

பந்தலே திரும்பிப் பார்த்தது.

"வேணாம் ஹாஜியார். ஒஸ்தா பக்கத்து ஆக்களுக்குச் சஹன் இல்லயே" என்றான் மஸாஹிர், வானம் இருட்டுகிறது என்று சொல்வதைப் போல. "நீங்க இந்த வீட்டு விறாந்தையில கேட்டதுதானே? மரைக்காரும் வழக்கம் இல்லையெண்டு செல்லின. வாப்பா கேட்டுக்கிட்டு இரிந்தாரு."

"எந்த வாப்பா? அண்டைக்கு அங்க வேற ஆரும் இரிக்கல்லயே."

"இரிந்தாரு ஹாஜியார். அவர்தான் ஒங்கட கழுத்த வழிச்சிக்கிட்டு இரிந்தாரு."

ஹாஜியாரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஈரக் கை. தண்ணீர் சட்டைக்குள் ஒழுகியது. அவர் மரைக்காரைப் பார்த்தார். மரைக்கார் சோற்றைப் பார்த்தார்.

மஸாஹிர் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனான்.

மரைக்கார் இருந்த இடத்திலிருந்து நடை வழியாகக் கிணற்றடி தெரிந்தது. அந்த இடத்தில் குந்தினால் அது தெரியும் என்று இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் கவனித்ததில்லை. மஸாஹிர் குசினிச் சுவரில் கை நீட்டி, செருகியிருந்த இனாமல் பீங்கானை உருவினான். தேடவில்லை, கை அங்கே நேராகப் போனது. கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கழுவினான்.

"தம்பி, அது வேணாம்" என்றாள் ஹாஜரா. அவள் கையில் வீட்டுப் பீங்கான் இருந்தது, பூப்போட்டது. "இதுல போடுறன். உள்ளுக்கு வாங்க. நான் செல்றன், உள்ளுக்கு வாங்க."

"இதுல போடுங்க மாமி. வாப்பாட பீங்கான். சின்னதுல நானும் இதுலதான் திண்ட. பழக்கம்."

 ஹாஜரா பூப்பீங்கானைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, அகப்பையால் சோற்றை அள்ளிப் போட்டாள். போடும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மஸாஹிர் பலகையில் குந்தி, பிஸ்மில்லாச் சொல்லி, நிதானமாகச் சாப்பிடத் தொடங்கினான். சட்டைக் கை இன்னும் சுருட்டியபடியே இருந்தது.

முன்னால் லெப்பை வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார். ஒரே தட்டில் உண்பதன் மகிமையைச் சொல்லத்தான். பிறகு ஏனோ ஒன்றும் சொல்லாமல் ஒரு பிடி சோறு எடுத்தார். ஹாஜியார் இரண்டு வாய் வைத்துவிட்டு, வயிறு சரியில்லை என்றார். மருமகன் தலை நிமிரவில்லை.

மரைக்கார் கையைத் தட்டத்தில் வைத்தார். எழுந்து போகலாம். நடை வழியாகப் பத்து எட்டு வைத்தால் கிணற்றடி. போய், அந்தப் பலகைக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தி, அந்தப் பீங்கானில் ஒரு கை வைத்தால் போதும்.  ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாயும் எடுக்கவில்லை. ஆறாவது ஆளின் பக்கத்துச் சோறு யார் கையும் படாமல் குவித்தது குவித்தபடி நின்றது.

மீரா லெப்பைக்கு மட்டும் நல்ல பசி. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நடந்த பேச்சில் பாதி விழவில்லை. விழுந்த பாதி அவருக்குத் தேவையில்லை. இறைச்சியை மென்றுகொண்டே மரைக்காரின் பக்கம் சாய்ந்தார்.

"கை எண்டா இதுதான் கை. புள்ள ஒரு தரம்தான் கத்தின. வாப்பாவ விட மகன் நல்லம். படிச்சவன், கத்தியையும் அவிச்சித்தான் எடுக்கான். இந்த ஊருக்கு இப்பிடி ஒரு ஒஸ்தா கெடச்சது நம்மட பாக்கியம். கொழும்பு, லண்டன் எண்டு போக விட்டுடாதீங்க."

மரைக்கார் நடை வழியாகக் கிணற்றடியைப் பார்த்தார்.

"என்ட பேரன்மார் மூணு பேருக்கும் வார மாசம் வைக்கணும்" என்றார் மீரா லெப்பை, இன்னும் கிட்டச் சாய்ந்து. "நீங்க அவன்ட்ட ஒரு சொல்லு செல்லுங்க மரைக்கார். நீங்க செல்லினா கேப்பான்."